இது சம்பிரதாய அழைப்பு அல்ல

கட கட கட… டொக். கட கட கட… டொக்.

இந்தச் சத்தத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் அண்ணாச்சி. சாயங்காலம் நீங்கள் போன் பண்ணிக் கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. பேசிச் சொல்லலாம், பேசினால் பிள்ளை எழுந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். காலையில் அட்டையை அச்சு மெஷினில் ஏற்றிவிடுவேன் என்று சொன்னீர்கள், அதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

இருட்டி கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பணகுடியில் ஆனி மாதக் காற்று எப்படி என்று சிவகாசியில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். ஜன்னல் ஒரு சத்தம் போடும், தண்ணீர்த் தொட்டி மூடி ஒரு சத்தம் போடும், கேபிள் வயர் ஒரு சத்தம் போடும். எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தக் கட கட டொக் மட்டும் புதுசு. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நாலாவது வீட்டைத் தாண்டியது. கட கட கட. எங்கள் பச்சை கேட்டுக்கு முன்னால் வந்து, டொக்.

நின்றுவிட்டது.

நான் பிள்ளை எஸ்லினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் எண்ணெய் கிண்டுகிற கரண்டியை எடுத்துக்கொண்டேன். பயந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பயம் கிடையாது. ஜாக்கிரதை மட்டும்தான்.

என் ஜாக்கிரதை எப்படிப்பட்டது என்று கேளுங்கள். என் வீட்டுக்காரர் குஜராத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து ராத்திரியானால் எண்ணெய்ப் பெட்டிகளை வாசல் கதவுக்குப் பின்னால் அடுக்கிவிடுவேன். மேலே ஒரு காலிப் பாட்டிலை நிறுத்துவேன். யாராவது கதவைத் தள்ளினால் பாட்டில் விழும், நான் எழுந்துவிடுவேன். எழுந்து என்ன செய்வேன் என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

எங்கள் மாடியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் காற்றாலைதான் அண்ணாச்சி. அதில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கக் கூடாதா இவர்? இல்லை, கட்ச் பாலைவனத்தில் நிற்கிற காற்றாலைக்குத்தான் இவர் ஏறிக் கிரீஸ் போட வேண்டுமாம். சரி, அது கம்பெனி விஷயம்.

கதவுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் நான் பாட்டிலைச் சும்மா தினத்தாளில் சுற்றித்தானே அனுப்பிக்கொண்டிருந்தேன்? உருக்கெண்ணெய் என்ன சாதாரணமா? பத்துத் தேங்காயைத் துருவி, பாலெடுத்து, உருளியில் விட்டு, அடி பிடிக்காமல் கிண்டிக் கிண்டி இறக்கினால் ஒரு பாட்டில்கூட நிறையாது. அது போய்ச் சேருகிற இடத்தில் உடைந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? என் பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தேன். அதுவும் உடைந்தது. கூரியர் தம்பி வாசலில் நின்று கத்தினான். "அக்கா, வண்டி பூரா குளிக்க வச்ச பிள்ளை வாசம் அடிக்கி. நாய் துரத்துதுக்கா!"

அப்போதுதான் உங்களைத் தேடிப் பிடித்தேன். நீங்கள் மூணு அடுக்கு அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, பாட்டில் கழுத்துக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று இன்சர்ட் செய்து கொடுத்தீர்கள். பெட்டியைத் தலைகீழாகப் போட்டாலும் பாட்டில் அசையாது. அதற்குப் பிறகு ஒன்றுகூட உடையவில்லை. அந்த வகையில் உங்கள் கைக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் "அட்டை சும்மாதானேம்மா கிடக்கு, அதுல நம்ம பேரைப் போட்டா விளம்பரம் ஆச்சுல்லா, ரெண்டு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டது யார்? நீங்கள்.

நல்ல வார்த்தை எழுத எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? கான்வென்டில் சிஸ்டர் கிளமென்சியா ஒரு வருடம் முழுக்க நன்றிக் கடிதம் மட்டும்தான் எழுத வைத்தார்கள். முதலில் நன்றி, பிறகு நலம், கடைசியில் அழைப்பு. இந்த மூன்றும் இல்லாவிட்டால் முட்டி போட வேண்டும். அதனால் எழுதினேன். "எங்கள் எண்ணெயை வாங்கியதற்கு நன்றி. உங்கள் குழந்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவும்."

இது எல்லாரும் சொல்கிறதுதானே? கல்யாண வீட்டில் சொல்கிறோம், பஸ் ஸ்டாண்டில் சொல்கிறோம். "வீட்டுக்கு வாங்க" என்றால் "சரி, கிளம்புங்க" என்று அர்த்தம். யார் வருகிறார்கள்?

"இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கேம்மா, மொட்டையாத் தெரியுது" என்றீர்கள். "இது சம்பிரதாய அழைப்பு அல்ல" என்று சேர்த்துக் கொடுத்தேன். இடத்தை நிரப்பத்தான் அண்ணாச்சி. வேறு ஒன்றும் இல்லை. அந்த வாரம் பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாமல் மிக்சியோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

மேப்பை யார் போடச் சொன்னார்கள்? நாலு வழிச் சாலை, பெட்ரோல் பங்க், சிலுவை வைத்த வேதக்கோயில், பச்சை கேட், அதற்குப் பக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு வீடு! கேட்டால், "அப்பவும் கொஞ்சம் மொட்டையா இருந்துச்சும்மா."

வந்துவிட்டார்கள்.

கன்னியாகுமரிக்குப் போகிற ரோடு இது என்று நமக்கு உறைக்கவில்லை பாருங்கள். முதலில் சேலத்திலிருந்து ஒரு தம்பதி. கையில் பிள்ளை, இன்னொரு கையில் உங்கள் அட்டை. "சம்பிரதாயம் இல்லைன்னு போட்டிருந்துச்சு, அதான் வந்தோம்." அந்தப் பிள்ளை பேர் மகிழன். எஸ்லினைவிட பதினோரு நாள் மூத்தவன், இன்னும் பல் வரவில்லை. அடுத்து பழனியிலிருந்து ஒரு வேன். வேனில் வந்தவர்கள் எண்ணெய் கேட்கவில்லை, பாத்ரூம் கேட்டார்கள். அதற்கப்புறம் மதுரையிலிருந்து ஒரு பெரியவர். அவர் எண்ணெயே வாங்கினதில்லை, மகள் வீட்டில் அட்டையைப் பார்த்தாராம். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இதெல்லாம் பெரிய தொந்தரவு அண்ணாச்சி. நான் யாரையும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை. கூடுதலாக ஆறு டம்ளர் வாங்கினேன் என்றால், அது தள்ளுபடியில் கிடைத்தது. தினமும் கொஞ்சம் மாவு சேர்த்து ஆட்டுகிறேன் என்றால், கிரைண்டர் குறைவாகப் போட்டால் சுற்றாது. போன வாரம் யாருமே வரவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நாலு தடவை கேட்டைப் போய்ப் பார்த்தேன், கொண்டி சரியாக இருக்கிறதா என்று.

இவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பழனி வேன்காரர்கள் எஸ்லினை வைத்து எடுத்த போட்டோவை ஊர் பூராவும் அனுப்பியிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி அது கட்ச் வரைக்கும் போயிருக்கிறது. காற்றாலை உச்சியில் இருந்துகொண்டே போன் போட்டார்.

"பெனிட்டா, யாரு அந்த மீசைக்காரன்? எதுக்கு நம்ம சோபால உக்காந்திருக்கான்?"

"கஸ்டமருங்க."

"இனி ஒரு ஆளு அந்த அட்டையைப் புடிச்சுக்கிட்டு நம்ம வாசலுக்கு வந்தாங்கன்னு கேட்டேன், மறுநாளே லீவு போட்டு வந்து உன்னையும் பிள்ளையையும் நாசரேத்துல அம்மாகிட்ட விட்டுருவேன். அந்த வரியையும் எடுக்கச் சொல்லு, மேப்பையும் எடுக்கச் சொல்லு."

நாசரேத் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டும். என் மாமியார் நல்லவர்கள். ஜெபக்கூட்டத்தில் அவர்கள் அழுதால் எல்லாரும் அழுவார்கள். ஆனால் தேங்காய்ப்பால் காய்கிற வாசனை அவர்களுக்குத் தலைவலி. அந்த வீட்டுக்குள் நான் போனால் உருளி கொல்லைப்புறத்தில் கவிழும். அதோடு எண்ணெய் முடிந்தது, எஸ்லின் பேர் போட்ட லேபிள் முடிந்தது, நான் முடிந்தேன்.

அதனால்தான் சாயங்காலம் நீங்கள் "அடுத்த அச்சுக்கு அந்த வரி இருக்கட்டுமா, எடுத்திரவா? அட்டையையும் மெலிசாக்கிருவோமா, செலவு குறையும்லா" என்று கேட்டபோது, "ராத்திரி சொல்கிறேன்" என்றேன். எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன். சத்தியமாக.

அப்போதுதான் கட கட கட, டொக்.

இனி கதவுக்கு வருவோம்.

கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. நம் ஊரில் யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. இரும்பில் தட்டிப் பழகின கை என்று இப்போது தெரிகிறது.

"யாரு?" என்றேன்.

"நாந்தாம்மா." பெண் குரல்தான். ஆனால் மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல்.

"நாந்தான்னா?"

"உங்க கஸ்டமர். கன்னியாகுமரி போற பஸ்சு பங்க்கிட்ட படுத்துருச்சு. அடுத்த பஸ்சு எப்பன்னு ஒருத்தனுக்கும் தெரியல. மேப்பு இருந்துச்சு, வந்துட்டேன்."

"இங்க யாரும் இல்லையே" என்றேன்.

"அப்ப பேசுறது யாரு?"

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் நகர்ந்து, தெரு விளக்கில் அட்டையைப் பிடித்து, கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி வாசித்தார்கள். "'எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவும். இது சம்பிரதாய அழைப்பு அல்ல.' இதை எழுதுனது நீங்கதானே?"

"ஆமா."

"இப்ப மாத்திச் சொல்றீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்பத் தொறங்க."

திறந்தேன். அதாவது, முதலில் காலிப் பாட்டிலை எடுத்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, பிள்ளையை இறக்கி, பிள்ளை அழ, திரும்பத் தூக்கி, அதற்கப்புறம் திறந்தேன். அவ்வளவு நேரமும் அந்த அம்மாள் வெளியே பொறுமையாக நின்றிருந்தார்கள். ஒரு சக்கரம் போன தள்ளுபெட்டி. அதுதான் அந்தக் கட கட டொக். நல்ல உயரம், இறுக்கிப் போட்ட கொண்டை, கட்டம் போட்ட சேலை.

பேர் செங்கமலம். ஊர் மணப்பாறை. வேலை என்ன தெரியுமா அண்ணாச்சி? பெண்கள் ஜெயிலில் வார்டர். ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து முடி கொட்டுகிறது என்று நம் எண்ணெயை வாங்கித் தேய்க்கிறார்களாம். சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து ஆசையாம், கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று. ஜெயிலில் மதில்சுவர் உயரமாம், எட்டு மணிக்குத்தான் சூரியன் தெரியுமாம்.

செருப்பைக் கழற்றினதும் முதலில் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை. "மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டு பேர் மேடம். நானும் பாப்பாவும்."

"என்னோட மூணு" என்று தலையை ஆட்டினார்கள். கணக்கு ஒப்படைத்துவிட்ட மாதிரி எனக்கும் ஒரு நிம்மதி.

தோசை வார்த்தேன். மாவு இருந்ததே, கிரைண்டர் காரணமாக. அந்த அம்மாள் எஸ்லினை மடியில் போட்டுக்கொண்டு, "என்ன கேஸுடி நீ? என்ன கேஸுல வந்த?" என்று விசாரித்தார்கள். எஸ்லின் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறாள். அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள், "மேடம்னு கூப்பிட்டா எந்திரிச்சு நிக்கத் தோணுது" என்று.

அந்த நேரம் போன் அடித்தது. இவர்.

தினமும் இந்த நேரத்துக்கு வீடியோவில் வருவார். "சாப்பிட்டியா, பாப்பா சாப்பிட்டாளா, கதவைக் காட்டு." நான் போனைத் திருப்பித் தாழ்ப்பாளைக் காட்டுவேன். "ம்" என்பார்.

இங்கே ஒரு சின்ன விவரம். எங்கள் கதவு தொங்கிப் போய்விட்டது அண்ணாச்சி. தாழ்ப்பாளைத் தள்ளினால் அது நிலையில் இருக்கிற ஓட்டைக்கு அரை விரல் கீழே போய் முட்டி நிற்கும். உள்ளே போகாது. வீட்டு ஓனரிடம் சொன்னால் "காத்து மாசம் போகட்டும்" என்றார். இவரிடம் சொன்னால், தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பாய், கிளம்பு நாசரேத்துக்கு என்பார். அதனால் தாழ்ப்பாளை முட்டுகிற வரைக்கும் தள்ளி, கொஞ்சம் மேலே இருந்து காட்டுவேன். பார்க்கப் போட்ட மாதிரியே இருக்கும். இது பொய்யில்லை. பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சிஸ்டர்மார் சொல்லித்தந்திருக்கிறார்கள். அவர் தாழ்ப்பாளைக் காட்டு என்றார், காட்டினேன். ஓட்டையைக் காட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் அடுப்படிக்குள்ள நின்னுக்கிடுங்க" என்றேன்.

"என்னையே உள்ள அடைக்கியா?" என்றார்கள். ஆனாலும் பிள்ளையோடு போய் நின்றார்கள்.

போனை எடுத்தேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பாப்பா?"

"தூங்குறா."

அடுப்படிக்குள்ளிருந்து, "லெப்ட் ரைட், லெப்ட் ரைட், பட்டுக்குட்டி லெப்ட் ரைட்" என்று ஒரு தாலாட்டு.

"அது என்ன சத்தம்?"

"டிவிங்க."

"நம்ம வீட்லதான் டிவியே இல்லையே."

நான் யோசித்தேன். காற்று என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "கதவைக் காட்டட்டுமா?" என்று அவசரமாகப் போனைத் திருப்பினேன். தாழ்ப்பாள் அழகாகத் தெரிந்தது. "ம்" என்று சொல்லப் போனார். பாதி 'ம்' வந்தும்விட்டது. அதற்குள் செங்கமலம் அக்கா பிள்ளையோடு வெளியே வந்து, நேராகக் கதவுக்குப் போய், ஒரே ஒரு விரலால் இழுத்தார்கள்.

தாழ்ப்பாள் போட்ட கதவு திறந்துகொண்டது.

ஆனிக் காற்று உள்ளே வந்து காலண்டரைப் புரட்டியது.

"தம்பி, வணக்கம்" என்றார்கள் போனைப் பார்த்து. "செங்கமலம். மத்திய சிறை, பெண்கள் பிரிவு, வார்டர். இதுதான் தெனமும் நீங்க பாக்குற கதவா?"

அவர் முகம் போனில் அசையவே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் கண் சிமிட்டினார்.

"என் கைதி ஒருத்தியை இந்தக் கதவுக்குப் பின்னால வச்சிருந்தேன்னு வைங்க. அவ வெளிய போயி, டீ குடிச்சு, ஒரு படம் பாத்துட்டு, எனக்கும் ஒரு பன்னு வாங்கிட்டுத் திரும்பி வந்திருப்பா. இந்தப் பொண்ணு பாட்டிலுக்கு மூணு அடுக்கு அட்டை வைக்குது. தனக்கு என்ன வச்சிருக்கு? ஒரு காலிப் பாட்டிலு!"

"பெனிட்டா…" என்றார் இவர். அந்தக் குரலில் நாசரேத் பஸ் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றுத் தூசி.

"என்னங்க, இவங்க அட்டையைப் பார்த்துத்தான் வந்தாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நாளைக்கே அச்சுல அந்த வரியை…"

"இரு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், உங்களுக்கு எத்தனை நாள் லீவு?"

"ஒரு வாரம் தம்பி."

"கன்னியாகுமரில ரூம்பு கிடைக்கிறது கஷ்டம் மேடம். இப்ப சீசன். நம்ம வீட்ல இருந்தே விடிய முந்தி பஸ் புடிச்சா சூரியனைப் பாத்துட்டுச் சாப்பாட்டுக்கு வந்துரலாம். தெனமும் போயிட்டுத் தெனமும் வரலாம்."

"சூரியனைத் தெனமும் எதுக்குத் தம்பி பாக்கணும்?"

"சும்மாதான் மேடம். ஆசாரியை நான் நாளைக்கே போன்ல புடிக்கிறேன், கதவை இழைச்சுத் தருவார். அதுவரைக்கும் நீங்க… கொஞ்சம்…"

மாமியார் வீடு பற்றி ஒரு வார்த்தை வரவில்லை அண்ணாச்சி. நானே கேட்டேன், பின்னால் தகராறு வரக் கூடாது என்று. "அப்ப அந்த வரி?"

"எந்த வரி?"

"வீட்டுக்கு வரவும்."

"இருக்கட்டும். 'பெண்கள் மட்டும்'னு பக்கத்துல போடச் சொல்லு."

அதைப் போட வேண்டாம். இடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மதுரைப் பெரியவர் தட்டெல்லாம் கழுவி வைத்தார், பாவம். மேப்பும் இருக்கட்டும். முடிந்தால் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு போலீஸ் ஸ்டேஷன் வரைந்துவிடுங்கள், சின்னதாக. இந்த வரியை வைப்பது முழுக்க வியாபாரத்துக்காகத்தான், நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஒன்று. அட்டையை மெலிசாக்காதீர்கள். செலவு கூடினாலும் பரவாயில்லை, அதே மூணு அடுக்குத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

போனை வைத்ததும் அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தார்கள். "தொங்கிருக்கு. அடியில ஏதாவது குடுத்துத் தூக்கணும். கட்டை இருக்கா?"

கட்டை இல்லை. தேங்காய்ச் சிரட்டை வைத்துப் பார்த்தோம், நொறுங்கியது. கிண்டுகிற கரண்டியை வைத்துப் பார்த்தோம், வழுக்கியது. அக்கா தன் கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்கள். மேப்பு பார்த்து வந்தார்களே, அதே இன்சர்ட். நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தோளைக் கதவுக்குக் கொடுத்து, "நான் தூக்குறேன், நீ சொருகு" என்றார்கள்.

தூக்கினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்து சொருகினேன். கச்சிதம் அண்ணாச்சி. பாட்டில் கழுத்துக்கு நீங்கள் எப்படி அளவெடுத்தீர்களோ, அப்படியே இந்தக் கதவுக்கும் அளவெடுத்த மாதிரி. மடிப்பின் ஓரம் கொஞ்சம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. 'கட்டாயம் வீட்டுக்கு வரவும்' என்று, உள்ளே இருக்கிற எங்களைப் பார்த்து.

"போடு" என்றார்கள் அக்கா.

"நீங்களே போடுங்கக்கா. உங்களுக்குத்தான் பழக்கம்."

"எனக்கென்ன பழக்கம்? இத்தனை வருஷமா நான் வெளிய நின்னுல்ல பூட்டிருக்கேன்." சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் பிடித்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்கள். "உள்ள இருந்து பூட்டுறப்ப எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."

தள்ளினார்கள். முட்டாமல், தட்டாமல், ஓட்டைக்குள் கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்தது.